ரிஜெக்ட் சாரும் பச்சை மாவும்

ரிஜெக்ட் சார் மட்டும் பிரம்மாவின் பட்டறையில் இன்ஸ்பெக்டராக உட்கார்ந்திருந்தால் நம்மில் ஒருவர்கூடப் பிறந்திருக்க மாட்டோம். காது இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, மூக்கு நடுக்கோட்டை விட்டு விலகியிருக்கிறது, பல்லுக்குப் பல் இடைவெளி மாறுகிறது என்று ஒவ்வொருவர் கழுத்திலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்பியிருப்பார். பிரம்மாவும் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலை தேடியிருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. கம்பெனி வாட்ச்மேனுக்கும் தெரியாது. அவர் மனைவியே ஒருநாள் போனில் கூப்பிட்டு, "ரிஜெக்ட் சார் இருக்காரா?" என்று கேட்டதாக என் தொழில் கூட்டாளி ஜோசப் சத்தியம் செய்வான். ஜோசப்பின் சத்தியங்களில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

எழுத வருவதற்கு முன்னால் நானும் ஜோசப்பும் குன்றத்தூரில் கூட்டாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தோம். தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வயலுக்கு நடுவே காம்பவுண்டு சுவர்கள் முளைக்கத் தொடங்கிய காலம். அதில் ஒன்று ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து வண்டிகளுக்கு பம்ப் செய்யும் கம்பெனி. அந்த பம்புக்குள் உட்காரும் பித்தளை புஷ்ஷைக் கடைந்து கொடுப்பது எங்கள் வேலை. சுண்டுவிரலில் மோதிரமாக மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான் சைஸ். எங்களுக்கு வேறு ஆர்டர் கிடையாது. என் கல்யாணம், ஜோசப்பின் கல்யாணம், இரண்டு வீட்டு அரிசி பருப்பு எல்லாமே அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் வரவேண்டியிருந்தது.

கம்பெனிக்குள் நுழையும் எந்தச் சாமானும் முதலில் ரிஜெக்ட் சாரின் அறைக்குப் போகும். அங்கே ஏசி உண்டு. அளவு பார்க்கும் கருவிகளுக்குச் சூடு ஆகாது என்பதற்காகப் போட்ட ஏசி. கருங்கல் மேஜை, அதன்மேல் கருவிகள், அதற்குப் பின்னால் கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திய ரிஜெக்ட் சார். சரக்கு சரியாக இருந்தால் 'ஓகே' முத்திரை. சரியில்லை என்றால் நூல் கோத்த சிவப்புச் சீட்டு. அதில் 'காரணம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை அவர் ஒருபோதும் காலியாக விட்டதில்லை.

சிவப்புச் சீட்டு எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் ஸ்பிரிங் வெளியே வந்த சீட்டில் கட்டியிருக்கிறார். சுங்குவார்சத்திரம் டீக்கடையில் விளிம்பு உடைந்த கிளாஸில் கட்டியிருக்கிறார். அவர் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒன்று வருஷக்கணக்காகத் தொங்கியது. ஜன்னல் கோணலாம். கொத்தனார் வந்து சரிசெய்யும்வரை அவிழ்க்க மாட்டேன் என்றார். கொத்தனார் துபாய் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. இலையில் வடை விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ஓட்டை சென்டர்ல இல்ல" என்றார்.

"சாப்டற வடை தானே சார்?"

"ஒரு பக்கம் மொத்தம், ஒரு பக்கம் மெலிசு. மெலிசு பக்கம் தீயும், மொத்தம் பக்கம் வேவாது. எவன் பாஸ் பண்ணான் இத?"

பரிமாறியவர் பெண்ணின் தாய்மாமன். நல்லவேளை, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொருளை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். அது அவர் மனைவி பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பும் காபி. நாலு மணிக்கு மூடியைத் திறப்பார். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணாடி மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறும். அந்த நேரத்தில் சரக்கை நீட்டினால் மனிதர் மனிதராகப் பார்ப்பார். அதனால் குன்றத்தூர், அம்பத்தூர், கிண்டி என்று எங்கிருந்து சரக்கு வந்தாலும் எல்லோரும் நாலு மணிக்குத்தான் வந்து நிற்போம். புளியமரத்தடியில் மொபெட்டுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தே வாட்ச்மேன் மணி சொல்லுவார்.

அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது காசி யாத்திரை.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். விட்டதைப் பிறகு தொடக்கூடாது. சாமர்த்தியசாலிகள் பிறந்ததிலிருந்து வாயில் வைக்காத காயாகப் பார்த்து விட்டுவிட்டு வருவார்கள். எங்கள் பெரியப்பா ஆப்பிளை விட்டார். அவர் ஆப்பிளைப் பார்த்ததே ஆஸ்பத்திரியில்தான். ரிஜெக்ட் சாரின் மனைவியும் படித்துறையில் நின்று நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறார்.

"பாகக்காய விட்டுடலாங்க. நமக்கு ரெண்டு பேருக்குமே ஆவாது."

"நமக்கு ஆவாதது ரிஜெக்ட் மெட்டீரியல். கங்கைக்குக் கொண்டாந்தா ரிஜெக்ட் மெட்டீரியல தள்ளுவ?"

சொன்னவர் தண்ணீரில் முங்கி எழுந்து காபியை விட்டுவிட்டார். இதை அவரே எங்களிடம் சொன்னார். திரும்பி வரும் ரயில் நாக்பூரைத் தாண்டுவதற்குள் தலைவலி ஆரம்பித்ததையும் சொன்னார். ஆனால் வாக்கு வாக்குதான். காபியே கதி என்று இருந்த மனிதர் அதன்பிறகு அதன் வாசனை வந்த பக்கம்கூடத் திரும்பவில்லை.

விளைவை நாங்கள் அனுபவித்தோம். கண்ணாடி மூக்கை விட்டு ஏறவே இல்லை. காலையில் ரிஜெக்ட், நாலு மணிக்கும் ரிஜெக்ட். எங்கள் புஷ் இரண்டு லாட், அதாவது இரண்டு மூட்டை, அடுத்தடுத்துத் திரும்பி வந்தது. இரண்டிலும் ஒரே காரணம்: 'விளிம்பில் நசுங்கல்'. ஒரே பொருள் மூன்றாவது தடவையும் ரிஜெக்ட் ஆனால் சப்ளை செய்கிறவரின் பெயரையே அடித்துவிடுவார்கள். அது கம்பெனி ரூல்.

ஜோசப் கொதித்தான். "இங்கருந்து போறப்ப நல்லாத்தான் கீது மச்சான். ஒண்ணு ஒண்ணா நான் பாத்து அனுப்பினேன். அங்க போனா மட்டும் எப்டி நசுங்குது? காபி இல்லாத கடுப்புல அந்தாளே சுத்தியால தட்டறாரு."

சப்ளைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து காபிக்கு ஒரு மாற்று கண்டுபிடிக்க இறங்கினோம். கேன்டீன் டீ கொடுத்துப் பார்த்தோம். "மெஷின்ல ஊத்தற கூலன்ட் வாசனை வருது" என்றார். பாலில் கரைக்கும் மாவு ஒன்றை அம்பத்தூர்க்காரர் கொண்டுவந்தார். டப்பாவில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வளர்றவங்களுக்கு. நான் வளர்ந்தாச்சு" என்று திருப்பிக் கொடுத்தார். சுக்கு மல்லி, பார்லி, வறுத்த பேரீச்சங்கொட்டையை அரைத்த தூள் என்று எது போனாலும் சிவப்புச் சீட்டோடு திரும்பி வந்தது. பேரீச்சங்கொட்டைக்கு மட்டும் 'முயற்சி நன்று' என்று கீழே சின்னதாக எழுதியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான் சார் வந்தார். கூட்டுக் கம்பெனியிலிருந்து இயந்திரங்களை நிறுவ வந்த இன்ஜினியர். குள்ளமாக, சிரித்த முகமாக, எதற்கெடுத்தாலும் குனிந்து வணங்குவார். அவருடைய பெயரும் எங்கள் வாயில் நுழையவில்லை. கேன்டீன் காபியை முதல்நாள் ஒரு வாய் குடித்தவர் மறுநாளிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிஜெக்ட் சாரின் அறைக்கு வந்தார். கம்பெனியிலேயே தூசி இல்லாத இடம் அது ஒன்றுதான்.

நானும் அப்போது அங்கே இருந்தேன். மூன்றாவது லாட்டைக் கொடுக்கப் பயந்துகொண்டு மூட்டையை வண்டியிலேயே வைத்துவிட்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்று தினமும் போய் உட்கார்ந்திருப்பேன். துணைக்கு ஜோசப்பும் வருவான். அவனுக்கு ஏசி பிடிக்கும்.

ஜப்பான் சார் பெட்டியைத் திறந்தார். சின்ன டப்பாவிலிருந்து பச்சை நிறத்தில் மாவு எடுத்தார். சலித்தார். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். மூங்கிலைச் சன்னமாகச் சீவிக் கட்டிய ஒரு பிரஷ்ஷால் நுரை வரும்வரை அடித்தார். இன்றைக்கு ஒரகடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் 'மாட்சா, காபிக்கு மாற்று' என்று போர்டு வைத்து விற்கிறார்களே, அதுதான். அப்போது எங்களுக்கு அது பச்சை மாவு.

ஜோசப் என் காதில் சொன்னான்: "மச்சான், பாலிஷ் ஏத்த பஃபிங் அடிக்கப் போடுவோமே பச்ச சோப்பு, அத மாதிரியே கீதுடா. அதயா குடிக்கிறாரு?"

ரிஜெக்ட் சார் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அளவு பார்த்து, சலித்து, சூடு பார்த்து ஒரு காரியத்தைச் செய்கிற மனிதரை அவர் அதுவரை முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறார்.

"திஸ் காபி?" என்று கேட்டார்.

"நோ காபி. டீ" என்றார் ஜப்பான் சார்.

"காபிக் கொட்டை நோ?"

"நோ, நோ."

காசிக்குப் பங்கம் இல்லை என்று உறுதியானதும் ரிஜெக்ட் சார் கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் எழுந்து நின்றோம். அவர் நிதானமாகச் சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்து, 'புல் வாசனை' என்று இங்கிலீஷில் எழுதி, கட்டுவதற்குக் கைப்பிடி இல்லாததால் கிண்ணத்துக்குக் கீழே வைத்தார்.

மேனேஜருக்கு விஷயம் போய் அவர் ஓடி வந்துவிட்டார். கூட்டுக் கம்பெனிக்காரருக்கு ரிஜெக்ட்டா! ஆனால் ஜப்பான் சார் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். குனிந்து வணங்கினார். மறுநாள் நாலு மணிக்குத் தண்ணீரின் சூட்டைக் குறைத்து இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

அதையும் ரிஜெக்ட் செய்தார். 'கசப்பு.' அதற்கு மறுநாள் மாவைக் குறைத்துக்கொண்டு வந்தார். 'அடியில் வண்டல்.' இன்னும் சன்னமான சல்லடை வந்தது. 'நுரை ஒரு பக்கமாக ஒதுங்குகிறது.' அடிக்கிற விதம் மாறியது. இத்தனை வருஷ சர்வீஸில் ரிஜெக்ட் சாரிடம் சண்டை போட்டவர்கள் உண்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்கள் உண்டு, ஜோசப் மாதிரி பலாப்பழத்தோடு வந்தவர்களும் உண்டு. காரணத்தைப் படித்துவிட்டு, சரிசெய்துகொண்டு, மறுநாள் சிரித்த முகத்தோடு வந்து நின்றவர் இந்த ஒருவர்தான். ரிஜெக்ட் சார் நாலு மணி ஆவதற்கு முன்பே கருங்கல் மேஜையில் ஓர் ஓரத்தைத் துடைத்து வைக்கத் தொடங்கினார்.

ஒருநாள் கிண்ணத்தையே எடுத்து மேஜையில் வைத்து, வட்டம் சரியா என்று காட்டும் டயல் கேஜால் சுற்றிப் பார்த்துவிட்டார். முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடியது. "ரவுண்டே இல்ல!" என்று அதிர்ந்து போனார். ஜப்பான் சாருக்கு ஒரே சந்தோஷம். கையால் செய்ததாம், அப்படிக் கோணலாக இருப்பதால்தான் அதற்கு மதிப்பாம். கையைக் காலை ஆட்டி விளக்கினார். ரிஜெக்ட் சார் கிண்ணத்தை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். மறுநாள் கேன்டீனில் ஓட்டை ஓரத்துக்கு ஓடிப்போன ஒரு வடையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல, கையால பண்ணது" என்று சாப்பிட்டுவிட்டார். கேன்டீன் மாஸ்டர் பயந்துபோய், சாருக்கு உடம்பு சரியில்லையா என்று எங்களை விசாரித்தார்.

இன்னொரு நாள் ரிஜெக்ட் சார் தானே களத்தில் இறங்கினார். வீட்டிலிருந்து டவராவும் டம்ளரும் கொண்டுவந்து, பச்சை மாவில் பாலும் சர்க்கரையும் போட்டு, முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றி, நுரை ததும்பக் கொடுத்தார். ஜப்பான் சார் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பிறகு கையை நீட்டி ஒரு சிவப்புச் சீட்டு கேட்டார். 'சர்க்கரை அதிகம்' என்று எழுதிக் கொடுத்தார்.

ரிஜெக்ட் சாரை அதுவரை யாரும் ரிஜெக்ட் செய்ததில்லை. அவர் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். "கரெக்ட்" என்றார். அவருக்குக் குனிய வராது. கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

எனக்குப் புத்தி வந்தது அந்தக் கிண்ணத்தால்தான். ஜப்பான் சார் அதைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்துக்கு ஒரு குழி, டப்பாவுக்கு ஒரு குழி, பிரஷ்ஷுக்கு ஒரு குழி. ஒன்றோடு ஒன்று இடிக்காது. கடல் தாண்டி வந்தும் ஒரு கீறல் இல்லை. எங்கள் புஷ் எப்படி வருகிறது? கோணிப்பையில் மொத்தமாகக் கொட்டிக் கட்டி, மொபெட்டின் பின்னால் போட்டு, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரத்தில் இருக்கிற அத்தனை பள்ளத்திலும் இறக்கி ஏற்றிக்கொண்டு வருகிறோம். சுத்தியலால் தட்டியது ரிஜெக்ட் சார் இல்லை. வழி நெடுக நாங்களேதான் தட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

மறுநாள் ஜோசப் குன்றத்தூர் பரோட்டா கடைகளில் இருந்த காலி முட்டை அட்டைகளை எல்லாம் அள்ளி வந்தான். ஒரு குழிக்கு ஒரு புஷ். அட்டைமேல் அட்டையாக அடுக்கிக் கட்டி, வண்டியை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போய் மூன்றாவது லாட்டைக் கருங்கல் மேஜையில் வைத்தோம்.

"என்னாய்யா இது, முட்டையா?"

"புஷ் சார்."

ஒவ்வொன்றாக எடுத்தார். அளந்தார். லென்ஸ் வைத்து விளிம்பைப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டார். ஜோசப் என் கையைப் பிடித்துக்கொண்டான். ரிஜெக்ட் சார் ஒரு குழியிலிருந்து நிஜமான முட்டை ஒன்றை வெளியே எடுத்தார்.

"இது டிராயிங்ல இல்லையே?"

அதை ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தையும் பார்த்து முடித்தார். பிறகு முத்திரையை எடுத்து 'ஓகே' என்று குத்தினார். ஜோசப் சிலுவை போட்டுக்கொண்டான். முட்டைக்கும் ஒரு சிவப்புச் சீட்டு கட்டி எங்களிடமே கொடுத்தார்.

ஜப்பான் சார் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. அன்றைக்கும் நாலு மணிக்கு டீ போட்டார். மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் கூடியிருந்தோம். கடைசி நாளாவது ஓகே ஆகும் என்று எதிர்பார்த்தோம். ரிஜெக்ட் சார் மெதுவாகக் கடைசி வாய்வரை குடித்துவிட்டுச் சிவப்புச் சீட்டை எடுத்து, 'நுரை போதாது' என்று எழுதினார். ஜப்பான் சார் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சீட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, டப்பா, பிரஷ், கோணல் கிண்ணம் எல்லாவற்றையும் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாவம் சார் அவரு. ஒரு ஓகே போட்டிருக்கலாமே."

"அது எப்பவோ ஓகே ஆயிடுச்சிய்யா."

"அப்புறம் ஏன் சார் தெனம் ரிஜெக்ட் பண்ணீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓகே போட்டா மேட்டர் முடிஞ்சிது. அப்புறம் அந்தாளு எதுக்குய்யா இங்க வரப்போறாரு?" என்று சொல்லிவிட்டு, உடனே குரலை மாற்றி, "உன் லாட்ட எடு, டைம் ஆவுது" என்றார்.

எங்கள் லாட்டுகளும் வரிசையாக ஓகே ஆயின. தொடர்ந்து ஓகே ஆகிற சரக்கை இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்பாமல் நேராக ஸ்டோருக்கு எடுத்துக்கொள்வார்கள். அதுவும் கம்பெனி ரூல்தான். எங்களுக்கு அந்த அந்தஸ்து கிடைத்த அன்று ஜோசப் பட்டறையில் பிரியாணி போட்டான். "இனிமே அந்தாளு மூஞ்சில முழிக்க வேணாம் மச்சான்!" என்று ஆடினான். நானும்தான் ஆடினேன். அதன்பிறகு சரக்கைக் கேட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம். ஆனாலும் நாலு மணி ஆனால் கை தானாக மொபெட்டைத் துடைக்கப் போகும். எதற்கென்று யோசித்துவிட்டுத் துணியைக் கீழே போடுவேன்.

கொஞ்ச நாள் கழித்து கம்பெனியிலிருந்து ஒரே ஒரு புஷ் திரும்பி வந்தது. கழுத்தில் சிவப்புச் சீட்டு. காரணம்: 'நேரில் வரவும்.'

"போச்சு மச்சான்" என்று ஜோசப் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நான் அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு நசுங்கல் இல்லை. மறுபடியும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அறையில் மேஜையின் ஓரம் துடைத்து வைத்திருந்தது. ரிஜெக்ட் சார் புஷ்ஷை வாங்கிப் பார்க்காமலேயே டிராயருக்குள் போட்டார்.

"உக்காரு" என்றார்.

டப்பாவைத் திறந்தார். சலித்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். மூங்கில் பிரஷ்ஷால் அடித்து, கோணல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் குடித்தேன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது. புல் வாசனை இல்லை, வண்டல் இல்லை, நுரை விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே மட்டமாக நின்றது.

"எப்டிய்யா கீது?"

"ரிஜெக்ட், சார்" என்றேன்.

"காரணம்?"

"நுரை பத்தல."

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. காசிக்குப் போய் வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏறியது.

"அப்டியா? சரி பண்ணி வெக்கிறேன். நாளைக்கு நாலு மணிக்கு வந்துடு" என்றார்.

பச்சை மாவு தீர்ந்த பிறகு முருங்கைக்கீரையைக் காயவைத்து இடித்து அதே சல்லடையில் சலித்துப் போட்டுக் கொடுத்தார். அது நிஜமாகவே ரிஜெக்ட். அதற்கும் மறுநாள் போனேன். அவர் ரிடையர் ஆகும்வரை, அவர் போட்டுக் கொடுத்த எதையும் நான் ஒருநாளும் பாஸ் செய்யவில்லை.